போர்ஹில் நகரவில்லை

ஸ்கார்தால் காவல் அலுவலகம், 2023 மார்ச் 20, திங்கட்கிழமை, முற்பகல் 10.15 மணி. பிப்ரவரி 11ஆம் தேதி உறைந்த அருவியில் நடந்த விபத்து தொடர்பாக, சாட்சி அழைப்பாணை ஏதுமின்றித் தாமாக வந்து ஆய்வாளர் ஓட்முன் லீயன் முன்பு கொடுத்த இரண்டாவது வாக்குமூலம்.

என் பெயர் துரீட் ஹாகெரூட். வயது 49. நார்வே நாடு, தெலமார்க், ஸ்கார்தால், ஆலைத் தெரு, 14ஆம் எண் வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். விவாகரத்தானவள். பதினோரு வருடங்களாகப் பள்ளிப் பேருந்து ஓட்டி வருகிறேன். பிப்ரவரி 13ஆம் தேதி இதே அறையில், இதே அதிகாரியிடம் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில், போர்ஹில் குவோலெ என்பவர் தனக்குக் காட்டப்பட்ட இடத்தை விட்டு, என்னைப் புகைப்படம் எடுப்பதற்காக இடது பக்கம் நகர்ந்து போனதை நான் மேலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறேன். அது பொய். நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

எய்வின் ஹாகெரூட் என்னுடைய உடன்பிறந்த தம்பி. வயது 43. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு. பதினேழு வருடங்களாக உறைந்த அருவிகளில் ஏறுவதற்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியாக இருக்கிறான். புதியவர்களுக்குப் பயிற்சியும் நடத்துகிறான். போர்ஹில் எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. அவளுக்கு என் வயதுதான். ஊரில் உள்ள ரொட்டிக் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக மாவு பிசைந்து ரொட்டி சுடும் வேலை செய்து வந்தாள். எங்கள் ஊருக்குக் குளிர்காலம் முழுவதும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் பனியில் ஏற வருகிறார்கள். நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்தும் ஒருநாளும் ஏறியதில்லை. பேருந்து ஓட்டும்போது நாளுக்கு இரண்டு தடவை அந்த அருவிக்குக் கீழே போகிறேன். ஏறுகிறவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். ஐம்பது வயது ஆவதற்குள் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று இந்த வருடம் தோன்றியது. போர்ஹிலைக் கூப்பிட்டது நான்தான். அவளாக வரவில்லை.

"எனக்கு உயரம்னாலே ஆகாதுடி. நீ ஏறு. நான் கீழ நின்னு கயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன்" என்றாள். அந்தப் பேச்சின் பேரில்தான் வந்தாள்.

பிப்ரவரி 11ஆம் தேதி சனிக்கிழமை எய்வினிடம் பயிற்சிக்கு வரவேண்டிய இரண்டு ஜெர்மானியர்கள், வெப்பம் கூடிவிட்டதால் வரவில்லை என்று முந்தின நாள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக எங்கள் இருவரையும் வரச் சொன்னான். பட்டியலில் எங்கள் பெயர்களை எழுதினான். ஜனவரிக் கடைசியில் மைனஸ் பன்னிரண்டு, பதினான்கு என்று இருந்தது. பிப்ரவரி 8ஆம் தேதி காற்று திசை மாறி, அதன் பிறகு மூன்று நாட்களும் பகலில் பிளஸ் மூன்று, நான்கு இருந்தது. சாலை விஷயம் என்பதால் வெப்பமானியைத் தினமும் பார்ப்பது என் வழக்கம். அருவிக்குக் கீழே உள்ள வளைவில் வெள்ளிக்கிழமையே சாலையில் தண்ணீர் ஓடியது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அருவியடிக்குப் போனோம். பனிக்கட்டிக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் எய்வினிடம் கேட்டேன்.

"டேய், மூணு நாளா ரோட்டுல தண்ணி ஓடுது. இது தாங்குமா?"

"அக்கா, நீ ரோட்டப் பாரு. ஐஸ நான் பாத்துக்கறேன்."

"உன் தம்பி உன்னைத் திரும்பவும் பஸ்ஸுக்கே அனுப்பறான்டி" என்று போர்ஹில் சொன்னாள். மூவரும் சிரித்தோம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு எய்வின் பக்கவாட்டுப் பாதை வழியாக மேலே ஏறிப்போய், அருவியின் உச்சியில் கட்டிய வளையம் வழியாகக் கயிற்றைக் கொடுத்து, இரண்டு முனைகளையும் கீழே விட்டுவிட்டு வந்தான். ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்பு வாரில் கட்டப்படும். மறுமுனையைக் கீழே நிற்பவர் தன் இடுப்பில் மாட்டியுள்ள பிடிப்புக் கருவி வழியாகக் கொடுத்து, ஏறுகிறவர் ஏற ஏறத் தளர்வை இழுத்துக்கொள்ள வேண்டும். ஏறுகிறவர் தவறினால் கீழே நிற்பவரின் வலது கை கயிற்றை விடாமல் இருந்தால் போதும், விழ மாட்டார். இதை எய்வின் எங்களுக்கு இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தான். போர்ஹில் நான்கைந்து தடவை செய்து காட்டினாள். அவளுடைய கைக்குப் பிடி சீக்கிரம் வந்துவிட்டது.

அருவியின் இடது பக்கம், பாறை விளிம்பிலிருந்து பனித்தூண்கள் சேர்ந்து திரைபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. அகலம் என் பேருந்தின் முன்பக்கம் அளவு இருக்கும். வலது பக்கம், மேலிருந்து விழும் பனி படாதபடி ஒரு பாறைக் கூரை உண்டு. எய்வினுடைய ஆட்கள் எப்போதும் அதன் கீழே நிற்பதைத்தான் நான் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். அன்று அங்கே தண்ணீர் சொட்டித் தரை சேறாக இருந்தது. ஆகவே எய்வின் போர்ஹிலை இடது பக்கம் நிறுத்தினான். தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினான்.

நான் எண்பத்தொரு கிலோ. போர்ஹில் ஐம்பத்து நான்கு. எய்வின் அதைச் சொல்லி, "அக்கா விழுந்தா நீ பட்டம் மாதிரி மேல போயிடுவே" என்றான். அதன் பிறகு தரையில் இருந்த பனிக்கட்டிக்குள் ஓர் இரும்புத் திருகாணியை இறக்கி, அதிலிருந்து ஒரு நாடாவை எடுத்து, போர்ஹிலின் இடுப்பு வாரின் பின்பக்கம் மாட்டிப் பூட்டினான். நாடா ஒரு முழத்துக்கு மேல் இருக்காது.

"இப்ப என்ன, என்னைக் கட்டிப்போட்டுட்டியா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா. ஓடிப்போயிடாம இருக்க" என்றான்.

ஆகவே போர்ஹில் நகரவில்லை. நகர்ந்திருக்க முடியாது. ஏறுவதற்கு முன்பு 11.04 மணிக்கு என் கைப்பேசியில் நான் அவளைப் படம் எடுத்தேன். அவள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நாடாவும் திருகாணியும் தெரிகின்றன. தலைக்கு மேலே திரையும் தெரிகிறது. இந்தப் படம் பிப்ரவரி 13ஆம் தேதியும் என் கைப்பேசியில்தான் இருந்தது. அன்று நான் அதைக் காட்டவில்லை. இன்று கைப்பேசியோடு ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு நான் ஏறினேன். காலணியில் இரும்பு முட்கள் மாட்டி, இரண்டு கைகளிலும் பனிக்கோடரி கொடுத்திருந்தான். முதல் மூன்று தடவையும் ஆள் உயரம்கூடப் போகவில்லை. கோடரி பட்ட இடத்தில் பனி தட்டுத் தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழுந்தது. "ஆணி அடிக்கிறாப்பல குத்தாத அக்கா. மணிக்கட்ட மட்டும் சொடுக்கு. குதிகாலக் கீழ இறக்கு" என்று எய்வின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான்காவது தடவை கோடரி வேறு மாதிரிச் சத்தத்தோடு உள்ளே போய் நின்றது. அது பிடித்துக்கொண்டதை உள்ளங்கையே எனக்குச் சொன்னது. அதன் பிறகு ஏற முடிந்தது. ஏழெட்டு மீட்டரில் கெண்டைக்கால் தையல் இயந்திரம் போல் ஆடத் தொடங்கியது. ஒருமுறை கால் நழுவித் தொங்கினேன். கயிறு நிறுத்தியது. கீழே போர்ஹில் முன்பக்கமாக இழுபட்டாள், நாடா அவளைப் பிடித்துக்கொண்டது. "என்ன எடைடி நீ! என் ரொட்டியத்தான தின்னு வளந்தே!" என்று கத்தினாள். விரல்கள் மரத்துப்போய், கையைத் தொங்கவிட்டதும் ரத்தம் திரும்பி, வலியில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஆனாலும் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. இதைச் சொல்வது வழக்குக்குத் தேவையா என்று ஆய்வாளரைக் கேட்டேன். தேவை என்று படுவதைச் சொல்லலாம் என்றார். நான் சந்தோஷமாக இருந்தேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் அக்டோபர் முதல் மார்ச் வரை தரைக்கு வெயில் வராது. பிப்ரவரியில் மேல் பாறைகளில் மட்டும் நண்பகலில் கொஞ்ச நேரம் விழும். பதினைந்து மீட்டர் உயரத்தில் வெயில் என் முகத்தில் பட்டது. நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் வெயில். அங்கே கோடரிகளை நன்றாக அடித்து நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எய்வின் கீழிருந்து, "போதும் அக்கா, இறங்கு" என்றான். "அஞ்சு நிமிஷம்டா" என்றேன். அந்த ஐந்து நிமிடமும் போர்ஹில் திரைக்குக் கீழே கட்டப்பட்டு நின்றாள். என் முகத்தில் பட்ட அதே வெயில்தான் திரையின் மேல்விளிம்பிலும் பட்டுக்கொண்டிருந்தது. அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

அதன் பிறகு எய்வினின் கைப்பேசி அடித்தது. பாறைக்கு அருகில் பேச்சு சரியாகக் கேட்காது. அவன் பேசிக்கொண்டே கார் நிற்கும் இடத்தை நோக்கி நடந்து போனதை, சிவப்பு மேலங்கியை வைத்து, மேலிருந்து பார்த்தேன். முதல் தடவை கயிறு பிடிக்கிறவரை வழிகாட்டி தனியாக விட்டுப் போகக்கூடாது என்று அன்று காலையில் அவனே எங்களிடம் சொல்லியிருந்தான்.

அவன் காரை எட்டும் முன்பு ஒரு சத்தம் கேட்டது. காதில் கேட்டதைவிட வயிற்றில்தான் அதிகம் தெரிந்தது. இடது பக்கத் திரை முழுவதும் அப்படியே கீழே போனது. நான் கடைசியாக அடித்த அடியால் உடைந்ததா, தானாக உடைந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதே நேரத்தில் என் கால்களும் விட்டன. சுமார் இரண்டு மீட்டர் விழுந்தேன். கயிறு நின்றது. பனித்தூள் அடங்கிய பிறகு கீழே பார்த்தேன். போர்ஹில் முட்டி போட்டிருந்தாள். தலைக்கவசம் பிளந்திருந்தது. குளிர்ப்பெட்டிக் கதவு அளவுக்கு ஒரு பனிப்பாளம் அவளுடைய இடது கையின் மேல் கிடந்தது. வலது கை இடுப்புக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்திருந்தது. அவள் அலறவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "பிடிச்சிருக்கேன்" என்றாள். கொஞ்சம் விட்டு மறுபடியும் "பிடிச்சிருக்கேன்" என்றாள்.

எய்வின் ஓடி வந்து சேர ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவன் கயிற்றை வாங்கி என்னை இறக்கினான். வாங்கும்போது அவள் விரல்கள் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்கினான். என் கால் தரையில் பட்டதைப் பார்த்த பிறகே அவள் மயங்கினாள்.

அதன் பிறகு எய்வின் அவசர எண்ணை அழைத்தான். இருவரும் பாளத்தைப் புரட்டினோம். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். இடது கையுறையை நான் கழற்றவில்லை, கழற்றத் தைரியம் வரவில்லை. மீட்புக் குழு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்கிடையில் எய்வின் அவள் முதுகிலிருந்து நாடாவைக் கழற்றினான். அவளை விடுவிக்கத்தான் கழற்றுகிறான் என்று நினைத்தேன். பிறகு குனிந்து தரையில் இருந்த திருகாணியையும் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்து, இரண்டையும் தன் பையில் போட்டு மூடினான். திருகாணியை எடுத்தது அவளுக்காக அல்ல என்று அப்போதே எனக்குப் புரிந்தது. நான் தடுக்கவில்லை.

மருத்துவ ஊர்திக்குப் பின்னால் எய்வினின் காரில் போனோம். சுரங்கச் சாலையைத் தாண்டிய பிறகு அவன் சொன்னான்: "அக்கா, அவ போட்டோ எடுக்க இடப்பக்கம் போயிட்டா. நீ மேலேர்ந்து பாத்தே."

கேள்வியாகக் கேட்கவில்லை. வெப்பநிலையைச் சொல்வது போலச் சொன்னான். நான் தலையாட்டினேன். எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்குப் பதினேழு. அவன் எதைச் சொன்னாலும் தலையாட்டி எனக்குப் பழக்கம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. 13ஆம் தேதி திங்கட்கிழமை இங்கே வந்து அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

போர்ஹிலின் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மீதி இரண்டும் மடங்காது. உள்ளூர்ப் பத்திரிகையில், பயிற்சிக்கு வந்தவர் அறிவுரையை மீறியதால் விபத்து என்று வந்தது. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிடும் பெற்றோர்கள், "படம் எடுக்கற ஆசையில போயி இப்படி ஆகிப்போச்சே" என்று என்னிடமே சொன்னார்கள். இழப்பீடு கிடையாது என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தில் ஆதாரமாகக் காட்டியிருப்பது என் வாக்குமூலத்தை.

பிப்ரவரி 19ஆம் தேதி மருத்துவமனையில் அவளைப் பார்த்தேன். கண்டதும், "உன் கால் எப்படியிருக்கு? அன்னிக்கு ஆடுச்சே" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவளுக்கு அது எதுவும் நினைவில் இல்லை. அன்று காலையில் காரில் காபி குடித்தது வரைதான் நினைவிருக்கிறது, அதன் பிறகு மருத்துவமனைக் கூரைதான் என்றாள். தலையில் பட்ட அடி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பிறகு கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் தள்ளிவிட்டு என்னைக் கேட்டாள்.

"நான் நகர்ந்தேனாடி?"

நான் கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப் பையைப் பிரித்தேன்.

"நீ பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கியாம். அப்ப நகர்ந்துதான் இருப்பேன். நீ எதுக்கு இல்லாததச் சொல்லப்போறே. பாவம் எய்வின், என்னால அவன் தொழிலுக்குக் கெட்ட பேரு. நான் வருத்தப்பட்டேன்னு சொல்லு."

அந்த அறையில் நான் நாற்பது நிமிடம் இருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். "அன்னிக்கு நான் கயித்தையாவது ஒழுங்காப் பிடிச்சேனா?" என்று கேட்டாள். "பிடிச்சே" என்றேன். அன்று அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

நேற்று, மார்ச் 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எய்வின் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். இறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கும் செய்திருந்தார்கள். பால் எடுக்கக் குளிர்ப்பெட்டிக்குப் போனபோது, அதன் கதவில் ஒரு வாழ்த்து அட்டை காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. போர்ஹிலின் கையெழுத்து. தாளைப் பிடித்துக்கொள்ள மறுகை உதவாததால் வரிகள் சரிந்து போயிருந்தன. "அன்புள்ள எய்வின், நீ சொன்னதைக் கேட்காமல் போனதற்கு மன்னித்துவிடு. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் அவன் பெண்கள் வரைந்த படங்கள் இருந்தன.

"அத எடு" என்றேன்.

"எதை?"

"அந்தக் கார்டை."

"ஏன்? அவ அன்பா அனுப்பினது. நல்ல மனசு அவளுக்கு. பாக்கறவங்க பாக்கட்டுமே."

பாக்கறவங்க என்று அவன் சொன்னது, பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வீட்டுக்கு வருகிறவர்களை. பெண்களை அறைக்குள் அனுப்பச் சொன்னேன். அவன் மனைவி கூட்டிப்போனாள். அதன் பிறகு, போர்ஹில் கட்டப்பட்டிருந்தாள் என்பதை அவனிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"நீ சொல்றதால அவ விரல் முளைச்சிடப் போகுதா அக்கா? இங்க நாலு பேர் பொழைக்கணும்."

"அவ கயித்த விட்டிருந்தா என்னைப் புதைச்சு ஒரு மாசம் ஆகியிருக்கும்டா."

"விடலல்ல? அப்பறம் என்ன?"

இப்படிச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினான். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அட்டையை எடுத்துக்கொண்டு வரவில்லை. அது இப்போதும் அந்தக் கதவில்தான் இருக்கும். தேவையென்றால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இன்று காலைப் பேருந்தை ஓட்ட வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன்.

இவ்வளவு நாள் கழித்து ஏன் சொல்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். போர்ஹில் என்னைத் திட்டியிருந்தால், வழக்குப் போட்டிருந்தால், நான் பொய்யிலேயே நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் என்னை நம்பினாள். அதைத் தாங்க முடியவில்லை.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என்மேல் நடவடிக்கை வரும் என்பது எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. தெரியும். எய்வினின் உரிமம் போகலாம் என்பதும் தெரியும். தம்பி என் முகத்தில் இனி விழிக்க மாட்டான். போர்ஹிலிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகிறேன். நான்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மகிழ்ச்சியோடு கதவைத் திறப்பாள். அதன் பிறகு நடப்பதை இதில் சேர்க்க முடியாது.

மேலே உள்ளதை ஆய்வாளர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்கிறேன் என்ற வரியைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாக்குமூலத்திலும் அதே வரிக்குக் கீழேதான் கையெழுத்திட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டியதில்லை. அன்றும் என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்)
துரீட் ஹாகெரூட்

என் முன்பாகக் கையொப்பமிட்டார்: ஓட்முன் லீயன், ஆய்வாளர். நேரம் 12.50. கைப்பேசி ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது.